வேலை வருமா என்று சொல்வதும் ஒரு வேலையா?

கேள்வி: குடவாசல் பக்கத்துக் கிராமம் என்னுடையது. அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ்வழி, மூன்றாம் ஆண்டு. அப்பா அறுவடை மிஷின் தரகர். மார்கழியிலேயே ஆத்தூருக்குப் போன் போட்டு வண்டி சொல்லிவைப்பார். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போவார். வீட்டில் இரண்டு மாடு, பால் சொசைட்டிக்கு. எங்கள் துறைக்கு வந்து பேசிய ஒருவர், எந்தத் துறையில் வேலை கூடும், எதில் குறையும் என்று முன்கூட்டிக் கணிக்கிற பொருளியலாளர்கள் இருக்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அப்பாவிடம் சொன்னேன். “ஊர்ல இருக்கிறவனுக்கே வேலை இல்ல, வேலை வருமா வராதான்னு சொல்றதுக்கு ஒரு வேலையா?” என்று சிரிக்கிறார். மாமா பி.எட். படி என்கிறார். பிளஸ் டூவில் நான் கணக்கு எடுக்கவில்லை. எனக்கு இது சரிப்படுமா? ஏ.ஐ. வந்தபிறகு இந்த வேலையே இருக்குமா?
(பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேலை கூடுமா, குறையுமா என்று கணிப்பதுதான் என் தொழிலும். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அவரிடம் பதிலுக்கு ஒன்று கேளுங்கள். மார்கழியில் அவர் ஆத்தூருக்குப் போன் போட்டு, “நமக்கு இத்தனை வண்டி வேணும், அதுல பெல்ட் வண்டி இத்தனை” என்று சொல்கிறாரே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? எத்தனை மா நிலத்தில் சம்பா, எத்தனை மாவில் தாளடி, யார் வயல் முந்தி முற்றும், மழை பிந்தினால் சேற்றில் டயர் வண்டி இறங்குமா, பக்கத்து ஊர்த் தரகர் எத்தனை வண்டி சொல்லியிருப்பார் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துத்தானே சொல்கிறார். நாங்கள் கம்ப்யூட்டரில் செய்வதை அவர் திண்ணையில் செய்கிறார். கணக்குத் தப்பினால் அவருக்கு வண்டி சும்மா நிற்கும், இல்லையென்றால் சம்சாரியின் கதிர் சாயும். எங்களுக்கு அந்தப் பயம்கூட இல்லை. எங்கள் அறிக்கை பத்திரமாக அலமாரியில் இருக்கும்.

ஆக, உங்கள் வீட்டில் இது இரண்டாவது தலைமுறை.

இனி, என் போன்றவர்கள் உண்மையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு பக்கம் ஆட்களை எண்ணுகிறோம். இன்னொரு பக்கம் வேலையை எண்ணுகிறோம். ஆட்கள் பக்கம் பாதி சுலபம். 2040இல் இருபது வயதாகப்போகிறவர்கள் எல்லோரும் 2020இலேயே பிறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 என்று 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டுக்குக் கீழே போய்விட்டதால், இளம் கைகள் குறையும் என்பதைச் சொல்லப் பெரிய மூளை வேண்டாம். கஷ்டம் அடுத்த படியில்: அவர்களில் எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள், என்ன வேலைக்கு வர ஒப்புவார்கள்? வேலைப் பக்கத்தில், ஒரு துறை வளர்ந்தால் அதோடு சேர்ந்து ஆள் தேவையும் எவ்வளவு வளரும் என்று பார்க்கிறோம். இதை வேலைவாய்ப்பு நெகிழ்ச்சி என்பார்கள். வயலில் நின்று பார்த்தால் இது உடனே புரியும். களத்துக்கு வரும் நெல் குறையவில்லை, அறுக்கிற கை மட்டும் காணாமல் போயிற்று. உற்பத்திக்கும் ஆளுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

இதில் நான் அடிவாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ சொல்லிக் கேட்க வேண்டாம். 2000களின் நடுவில் சென்னையில் ஓர் ஆய்வுக் குழுவில் இருந்தேன். டெல்டாவில் நடவு வேலை அடுத்த பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நடவு மிஷின் வரும், பெண்கள் கை சும்மா இருக்கும், அதனால் அவர்களுக்குத் தையல் பயிற்சி கொடுங்கள் என்று எழுதினேன். கோடு, படம், அட்டவணை எல்லாம் லட்சணமாக இருந்தது. நடந்தது என்ன? மிஷின் வந்தது உண்மை. ஆனால் நான் எழுதியபடி ஆள் மிஞ்சவில்லை, பற்றாமல் போனது. இன்றைக்கு மேற்கு வங்கத்திலிருந்து பையன்கள் வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் நாற்று நடுகிறார்கள். நடவு என்றால் பெண்கள் வேலை என்று எழுதிவைத்திருந்த எனக்கு, முதல்முறை அதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

எங்கே பிசகினேன்? வேலை எவ்வளவு குறையும் என்று மட்டும் பார்த்தேன். நாற்று நட்டவரின் மகள் நாற்று நட வரமாட்டாள் என்பது என் மாடலில் ஓர் எழுத்தாகக்கூட இல்லை. நான் எண்ணிய பெண்கள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே போனது. அவர்கள் பெற்ற பிள்ளைகள் கல்லூரிக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நடவுக்குப் போகும் அம்மாவின் மகள், பொருளியல் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அன்றைக்கு என் கணக்கில் விட்டுப்போன ஆள் நீங்கள்தான்.

அப்புறம், எண்ணுவது. வெளியே இருப்பவர்கள் கணிப்பைத்தான் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், முக்கால்வாசிச் சண்டை அதற்கு முன்பே, எண்ணும் இடத்திலேயே நடந்து முடிந்துவிடும். உங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். அவர் ‘வேலையில் இருப்பவரா’?

நம் நாட்டில் இதற்கான முக்கியக் கணக்கு, காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. பி.எல்.எஃப்.எஸ். என்பார்கள். 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முன்பு 1972-73 முதல் 2011-12 வரை, சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 2025 முதல் மாதாமாதமே மதிப்பீடு வருகிறது. இதில் ஒருவரை இரண்டு விதமாகக் கேட்பார்கள். கடந்த ஏழு நாளில், ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். இது வாராந்தர நிலை. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்பது வழக்கமான நிலை. பெரும்பகுதி வீட்டில் இருந்தாலும் 30 நாளாவது வேலை செய்திருந்தால் துணை நிலையில் அவரும் தொழிலாளர்.

இப்போது கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நிற்கிறார். அம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருக்கிறார். திண்ணையில் அப்பா. “வீட்டம்மா என்ன பண்றாங்க?” “அவ வீட்லதான் சார் இருக்கா.” தீர்ந்தது. 92 என்று ஓர் எண் விழும். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று அர்த்தம். அதே கணக்கெடுப்பாளர் கொஞ்சம் நின்று, “மாடு யார் பார்க்கிறாங்க? பால் சொசைட்டிக்குப் போகுதா? நடவுக்குப் போனாங்களா, எத்தனை நாள்?” என்று கேட்டால், அதே அம்மா தொழிலாளி ஆகிவிடுவார். புல்லும் மாறவில்லை, மாடும் மாறவில்லை.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஆறே வருஷத்தில் இப்படி ஓர் ஏற்றம். அதில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள், சுயதொழில் என்ற தலைப்பின் கீழ். நிஜமாகவே வேலை கூடியதா, குடும்பக் கஷ்டத்தில் பெண்கள் இறங்கினார்களா, அல்லது கேட்கிற விதம் சீரானதால் முன்பு 92 வாங்கியவர்கள் இப்போது சரியாகப் பதிவாகிறார்களா? மூன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறது. என் கட்சி: மூன்றும் கலந்தது, முதலாவதுதான் அதில் சிறியது. இந்த வாதத்தில் உட்கார, அம்மாவின் ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் வேண்டும். அதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

பருவமும் அப்படித்தான். மேட்டூர் அணை ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28 ஆனது. இரண்டு மாத வித்தியாசம். குறுவை நடவு அதோடு முன்னும் பின்னும் நகரும், சில வருஷம் சுருங்கியும் போகும். தமிழ்நாட்டுக் கிராமங்களின் மாத வேலைக் கணக்கைத் தூரத்து ஊரில் ஒருவர் பார்த்தால், ‘ஜூனில் வேலையில் திடீர்ச் சரிவு’ என்று அறிக்கை எழுதுவார். அந்தச் சரிவின் பெயர் மேட்டூர் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று: தெரிந்தால் மட்டும் போதாது, அதை எண்ணில் பிரித்துக் காட்டவும் தெரிய வேண்டும். ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள்.

மாமா சொன்ன பி.எட்.டுக்கு வருகிறேன். மாமாவைக் குறை சொல்லவில்லை. அவர் பார்த்த காலத்தில் வாத்தியார் வேலை நிச்சயமான வேலை. அவர் சொல்வதும் ஒரு கணிப்புதான், ஆனால் அதே கணிப்பை எல்லா மாமாக்களும் சொல்கிறார்கள். 2022இல் பருத்தி நல்ல விலைக்குப் போனதும் அடுத்த கோடையில் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் பருத்தி போட்டார்கள், விலை எப்படி இறங்கியது? இதைப் பொருளியலில் சிலந்திவலை என்பார்கள். அமெரிக்கப் பொறியியல் படிப்பில் இதே ஏற்ற இறக்கத்தைப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களில் காட்டினார். இன்று கிராக்கி என்று எல்லோரும் சேருவார்கள், படித்து வெளியே வரும்போது கூட்டம், கூட்டத்தைப் பார்த்து அடுத்தவர்கள் ஒதுங்குவார்கள், மறுபடி பஞ்சம். தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் முளைத்ததும், பிறகு இடங்கள் காலியாகக் கிடந்ததும் நம் கண்முன்னே நடந்த சிலந்திவலை. எங்கள் தொழிலின் தலைவலியும் இதுதான். நாங்கள் சொன்னதை மக்கள் நம்பினால், நம்பியதாலேயே அது பொய்யாகும். மழை வரும் என்று சொல்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, மேகம் செய்தித்தாள் படிப்பதில்லை. பி.எட். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாடம் நடத்தப் பிடித்தால் படியுங்கள், பத்திரமான வேலை என்ற காரணத்துக்காகப் படிக்காதீர்கள்.

கணக்கு. இதில் சலுகை கிடையாது, வேண்டியது வேண்டும்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு மலை இல்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகங்களைத் தமிழிலேயே எடுங்கள். அணிகள், வகையிடல், நிகழ்தகவு, ஒட்டுறவு, காலத்தொடர் வரிசை எல்லாம் அதில் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு என்று ஒரு பகுதி இருக்கும். ஒரு துறை வளர்ந்தால் மற்றத் துறைகளில் எவ்வளவு இழுக்கும் என்கிற கணக்கு. பெரிய பெரிய வேலைவாய்ப்புக் கணிப்புகளுக்கு முதுகெலும்பு அதுதான். பரீட்சைக்காக இல்லாமல் படித்தால் ஆறு மாதத்தில் முடியும். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: படித்துப் புரிந்து, பிழை குறைவாக எழுத வேண்டும். நுனிநாக்கு தேவையில்லை. நான் முதல் கருத்தரங்கில் பேசியபோது ஒருவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். அவருடைய அட்டவணையில் இருந்த கூட்டல் பிழையை நான் திருத்தினேன்.

எம்.ஏ. எங்கே? பாடத்திட்டத்தைத் திறந்து, பொருளாதார அளவையியல் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கிற பாடம், எகனாமெட்ரிக்ஸ்) எத்தனை தாள், கம்ப்யூட்டரில் செய்முறை உண்டா என்று முதலில் பாருங்கள். கல்லூரியின் பெயரை அதற்குப் பிறகு பார்க்கலாம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2009இல் தொடங்கியது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், புனேயில் கோகலே நிறுவனம் எல்லாம் பார்க்கலாம். முனைவர் பட்டம் வரை போனால், 1971இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் நினைவில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தையும் உழைப்பையும் பற்றி நிறைய வேலை அங்கே நடந்திருக்கிறது. எக்செல் நன்றாக வந்தபிறகு ‘ஆர்’ என்ற நிரல்மொழி. இலவசம்தான்.

எம்.ஏ. முடித்தால் மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, வயது 21 முதல் 30 வரை, பிரிவைப் பொறுத்துத் தளர்வு. ஆறு தாள், பிறகு நேர்முகம். இடங்கள் மிகக் குறைவு, சில வருஷம் இருபதுகூட இருக்காது. அதனால் அதை மட்டும் நம்பி வருஷங்களைப் போடாதீர்கள். ரிசர்வ் வங்கியில் பொருளாதார ஆய்வுப் பிரிவுக்குத் தனித் தேர்வு உண்டு. மற்றபடி ஆய்வு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், வங்கிகள், ஆட்சேர்ப்பு நிறுவனங்கள். தொடக்கத்தில் ஆய்வு உதவியாளர் வேலை, பெரும்பாலும் ஒப்பந்தத்தில், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தர வேலை குறைவதைப் பற்றி அறிக்கை எழுதியவர்கள் பாதிப் பேர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் உடனே பணம் வேண்டும் என்றால் முதல் நான்கைந்து வருஷம் சிரமம். இதை அப்பா அம்மாவிடம் மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஏ.ஐ. பற்றிச் சுருக்கமாக. 2016இல் ஏ.ஐ. துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், இனிமேல் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்கிற கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். இன்றும் பல நாடுகளில் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. கருவி என்ன செய்யும் என்பதில் அவர் பெரிதாகத் தவறவில்லை, வேலை என்ன ஆகும் என்பதில் தவறினார். நான் நடவில் செய்த அதே தவறு. எங்கள் தொழிலில் அட்டவணை போடுவது, முதல் வரைவு எழுதுவது எல்லாம் மிஷினிடம் போய்க்கொண்டிருக்கிறது. திண்ணையில் அப்பா சொன்ன பதிலை நம்பாமல், புல்லுக்கட்டோடு அம்மா வரும்வரை காத்திருக்கிற வேலை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதுவும் கணிப்புதான், எவ்வளவு நம்ப வேண்டுமோ அவ்வளவு நம்புங்கள்.

கணித்துவிட்டு மறந்துபோகிற கெட்ட பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய. அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வொரு வருஷமும் அடுத்த பத்து வருஷத்துக்கான வேலைக் கணிப்பை வெளியிடுகிறது. பழைய கணிப்பு எங்கே தவறியது என்பதையும் தானே எழுதி வெளியிடுகிறது. இந்தத் தொழிலுக்கு வந்தால் முதல் நாளே அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அதில் ஒன்று நம் பக்கத்துப் பாலக்குறிச்சி, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். 1930களிலும் அதன் பிறகும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போய் எண்ணினார்கள். ஒரு நூற்றாண்டில் ஒரு டெல்டா கிராமத்தின் உழைப்பு எப்படி மாறியது என்று பேச முடிவதற்கு, விடுமுறையில் ஊர் சுற்றிய மாணவர்கள்தான் அஸ்திவாரம். நீங்களும் உங்கள் தெருவில் ஐம்பது வீடு எடுங்கள். பி.எல்.எஃப்.எஸ். கேள்வித்தாள் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும், வீட்டுவாரியான தரவும் இலவசம். அதே கேள்விகளை, அதே எண்களோடு கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஆணிடம், மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணிடம். இரண்டு பதிலும் எத்தனை வீட்டில் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அது முடிந்ததும் இந்தத் தொழில் உங்களுக்குச் சரிப்படுமா என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. மிஷின் தரகர்கள் எல்லோரும் நோட்டு வைத்திருப்பார்கள்: யார் வயல், எத்தனை மா, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன வாடகை, பாக்கி எவ்வளவு. உங்கள் அப்பாவிடம் பழைய நோட்டுகள் பரணில் கிடக்கும். எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். பதினைந்து வருஷ நோட்டு இருந்தால், டெல்டாவில் அறுவடை வேலை எப்படி மாறியது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் இல்லாத தரவு அது. ஆட்களின் பெயரை விட்டுவிட்டு மற்றதை எக்செல்லில் ஏற்றி எனக்கு அனுப்புங்கள். டீசல் பட்டு எழுத்து அழிந்த பக்கங்களை நீங்களாக நிரப்ப வேண்டாம், காலியாகவே விடுங்கள். அப்பாவிடம் கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்வார். அதை வேறு நிறத்தில் தனியாக எழுதிவையுங்கள்.